சவுக்காரம் கரைந்த காலை

நல்லவன், நல்லவன் என்று சொல்லியே சில்வஸ்டரைக் கெடுத்தார்கள். நானாயிருந்தால் அன்றைக்கு நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தையே இரண்டாக்கியிருப்பேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? கேளுங்கள்.

சேரம்பாடிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் பத்தொன்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவன். பறித்த தேயிலைக் கொழுந்தை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிற வேலை. சிலோனிலிருந்து வரும்போதே மூச்சிரைப்பையும் கூட்டிக்கொண்டு வந்தவன். நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். ஸ்டியரிங் பிடிக்கிறவரை பிழைப்பான், மண்வெட்டியோடு மேடேறினால் போய்ச்சேருவான். இது எங்களுக்கெல்லாம் தெரியும். அவன் பெண்சாதி ஜெஸிந்தாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

டிராக்டரும் கிழடுதான். பேட்டரி செத்து இரண்டு வருஷம். சாயங்காலம் சரிவில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பான். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். டீசல் குழாயில் மயிரிழை விரிசல் வேறு. புதுக் குழாய் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பிசைந்து அப்பியிருந்தான். டீசல் அதை ஒன்றும் செய்யாது, மழைத்தண்ணீர்தான் கரைத்துவிடும். அதனால் மேலே நீலப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டுவான். இதைக் கூடவே லோடு ஏற்றுகிற என்னிடம்கூட அவன் சொன்னதில்லை. வீட்டில் மட்டும் சொல்லியிருந்தான்.

இன்னொரு நாள் கொழுந்து தேங்கினால் டிராக்டர் காயலான் கடைக்கு, லோடு நெல்சனின் பிக்கப்புக்கு, சில்வஸ்டர் களைவெட்டுக்கு என்று எஸ்டேட் மேனேஜர் துரை சொல்லியிருந்தார். நெல்சன் வேறு யாருமில்லை, ஜெஸிந்தாவின் தம்பி.

அந்த வியாழக்கிழமை, ராத்திரி மழை விட்ட காலையில், கல்லை எடுத்தான். வண்டி உருண்டது, இருமியது, கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசலில் வந்து நின்றுவிட்டது. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தான், டீசல் இருந்தது. ஃபில்டர் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். நுரையாக வந்தது. அடிக்க அடிக்க நுரை நிற்கவேயில்லை. எங்கேயோ காற்று இழுக்கிறது என்றான். குழாயை விரலால் தடவிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். தாளைக் காணோம். சவுக்காரம் கரைந்து வெள்ளையாக வழிந்திருந்தது.

அப்போதுதான் விஷயத்தை என்னிடம் சொன்னான். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றேன்.

"நாலு முடிச்சுப் போட்டேன், இசக்கி" என்றான்.

சவுக்காரம் எடுக்க லயத்துக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் நான் ஓடினேன். அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். அடுப்புக்குப் பின்னால் சவுக்காரக் கட்டிக்குக் கீழேயே அந்த நீலத் தாள் இருந்தது. ஒரு சொட்டு நனையாமல், நாலாக மடித்து. அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டிலிருந்த ஜெஸிந்தா வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். கேட்காமலே அவளாகச் சொன்னாள்.

"தம்பி வண்டிய வாங்கிட்டு ஓட்டமில்லாம நிக்கிறான். மூணும் பொட்டப் புள்ளைக. நமக்குப் புள்ளையா குட்டியா, யாரு இருக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அடிப்பாவி, நீ உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறாயா என்று வாய்வரை வந்துவிட்டது. சில்வஸ்டர் கையை நீட்டி என்னைத் தடுத்தான். மூச்சு வாங்கி வாங்கி அவளைப் பார்த்தான்.

"எனக்கு நீ இருக்கேன்னு நெனச்சேன், ஜெஸி" என்றான்.

கட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். பிசைந்து அப்பினான், காற்றை எடுத்தான். ஏழு பேர் சேர்ந்து தள்ளினோம். ஒரே தள்ளில் டிராக்டர் பிடித்துக்கொண்டது. ஏற்றத்தான் ஒரு இலைகூட இல்லை. எல்லாம் நெல்சன் வண்டியில் போய்விட்டது.

துரையிடம் சொல், சொல் என்று மூன்று நாள் கத்தினேன். கட்டினவளே காட்டிக்கொடுத்தாள் என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டான்.

திங்கட்கிழமை மண்வெட்டியோடு ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் களைவெட்ட ஏறினான். மழை பிடித்துக்கொண்டது. தலைக்கு அந்த நீலத் தாளைத்தான் போட்டிருந்தான். ஜெஸிந்தா மடித்த மடிப்பு அதில் இன்னும் போகவில்லை.