வலது கையால் கொடுத்தேன்

மரியாதை தெரிந்தவனாக வளர்ந்ததற்காக நான் நொந்துகொண்ட நாள் அது.

பத்து பகாட் ஊரில் நான் வேலை செய்த துணி ஆலையில் இயந்திரம் என் வலது கையை நசுக்கியது. அன்றிலிருந்து சோறுகூடப் பிசைய முடியவில்லை. மனைவிதான் ஊட்டிவிடுகிறாள். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டதும், பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

அறைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா ஐசி, அதாவது அடையாள அட்டையைக் கேட்டார். என் மகள் வயதுதான், ஆனாலும் டாக்டர். இடது கையால் எப்படிக் கொடுப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கி, அட்டையை நீட்டினேன். தாங்கியதையும் அவர் மரியாதை என்றே நினைத்திருப்பார்.

"கை தூக்குறீங்க, பிடிக்கிறீங்க. ஓகே லா, அங்கிள். லைட் வேலை செய்யலாம்."

"இல்லம்மா, உயிர் போற மாதிரி வலிக்குது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

சில வாரங்களில், உதவித்தொகை கிடையாது என்று பதில் வந்தது. அன்று சோறு ஊட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: "இடது கையிலயே குடுத்திருக்கலாமேங்க?"



மேல்முறையீடு செய்யலாமாம். மறுபடி அதே மேசை முன்னால் நின்றால், இடது கையை நீட்டுவேனா? எனக்கே தெரியவில்லை.