ரூமுக்குள் அடித்த வெயில்

திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு கல்லூரி. அங்கே நான் அட்டெண்டர். படிப்பு எட்டாவது.

ஆராய்ச்சி செய்கிற மேடம் ஒரு ரூமை அடைத்து, உள்ளே வெயில் வைத்தார். கூரையில் வரிசையாகப் பெரிய விளக்குகள். கீழே நடைபாதைக்குப் பதிக்கிற கல் நான்கு: சாம்பல், சிவப்பு, மஞ்சள், கருப்பு. எது எவ்வளவு சூட்டை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் மீட்டரில் தெரிகிற எண்ணை நான் நோட்டில் எழுதுவேன்.

காளவாசல் டீக்கடையில் சிரித்தார்கள். "மதுரையில வெயிலு செய்யிறீகளா? சித்திரையில வாங்கண்ணே, ஓசியிலயே தாரோம்."

மேடத்திடம் சொன்னேன். வெளியே மேகம் வரும், காற்று வரும், நாலு கல்லுக்கும் ஒரே வெயில் வேண்டும் என்றார். சரிதான்.

அந்த வாரம் மழை பிடித்தது. என் சம்சாரம் பழைய வேட்டியில் பிழிந்த கூழ் வத்தல் பாதிதான் காய்ந்திருந்தது.

"ஏங்க, ஊருக்கே மழை. உங்க ரூமுல மட்டும் வெயிலடிக்குதுல்ல? கொண்டுபோங்க."

கொண்டுபோனேன். மேடம் சாப்பிட்டுவிட்டு அப்படியே வகுப்புக்குப் போகிற நாள். அவர் கிளம்பியதும் வேட்டியோடு கருப்புக் கல்மேல் விரித்தேன். கருப்பில்தான் சீக்கிரம் காயும். மீட்டரில் எண் இறங்கியது. என்ன காட்டுகிறதோ அதை எழுதுவதுதான் என் வேலை. எழுதினேன். காய்ந்ததும் சுருட்டி எடுத்துவிட்டேன்.

மேடம் வந்து நோட்டைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, கருப்புக் கல்லு குளுந்துருக்குண்ணே!"

பேராசிரியர் ஓடிவந்தார். "ஊரு நடபாதையெல்லாம் கருப்பா மாத்திரலாம்மா" என்றார். இரண்டு நாளில் வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் மேடத்துக்குப் பட்டம்.

"மேடம், அது மேல வத்தல் கெடந்துச்சு."

"என்னது?"

"வத்தல். வேட்டியோட."

பேராசிரியர் கேட்டார்: "கூழ் வத்தலா, ஜவ்வரிசியா?"

"கூழ் வத்தல்தான் சார்."

மேடம் நோட்டை மறுபடி திறந்தார். "எத்தன மணியில இருந்து?" என்றார்.

"ஒன்னேகால்ல இருந்து நாலு வரைக்கும்."

அந்த எண்களைக் கோடு போட்டு அடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். "பக்கத்துல காரணத்த நீங்களே எழுதுங்க."

'வத்தல்' என்று எழுதினேன்.

மறுநாள் பகல் முழுக்க வெயிலைப் போட்டுத் திரும்ப எழுதினோம். கருப்புதான் அதிகம் சுட்டது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பெரியவர்கள் வந்தார்கள். மூத்தவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, கோடு போட்டு அடித்த பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"இதையே மறைக்காம எழுதியிருக்கீங்கன்னா, மத்ததெல்லாம் நெசமாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.