முகத்துவாரத்தின் ஆழம்

இன்று நாகர்கோவில் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கடிதத்தை நீட்டினார். கடலுக்குப் போகிறவர்.

"சாரே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லணும்."

துறைமுக முகத்துவாரத்தில் மணல் மூடி, போன மாதம் அவருடைய தம்பியின் வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. அங்கே ஆழம் எவ்வளவு என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்டிருக்கிறார். நாட்டின் பாதுகாப்பு கருதித் தர இயலாது என்று பதில்.

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். இண்ணைக்குக் காலைலயும் கயித்துல ஈயம் கெட்டி நான்தான் அளந்தேன்."

"பின்னே எதற்குக் கேட்டீர்கள்?"

"அவங்களுக்குத் தெரியுமான்னு அறியத்தான். தெரிஞ்சா மண்ணைத் தோண்டுவாங்கல்லா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "தெனமும் எங்க வள்ளக்காரங்க வாட்ஸப் குரூப்புல ஆழத்தச் சொல்லுவேன். இனி சொன்னா குத்தமா?"

அரசு ரகசியச் சட்டம், தகவல் சட்டம் இரண்டையும் வாசித்தவன் நான். தெரியவில்லை என்றேன்.

அவர் போனை வாயருகே கொண்டுபோய் ஆழத்தைச் சொன்னார். "தெக்க ஒதுங்கி வாங்க மக்கா. இது ரகசியமாக்கும். வள்ளம் இல்லாதவன்கிட்டச் சொல்லப்பிடாது."

பேருந்து முழுவதும் கேட்டது.

எனக்கு வள்ளம் இல்லை. அந்த ஆழத்தை இங்கே எழுதலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் நாளைக் காலையும் அளப்பார்.