வேலிக்கம்பி கட்டிய ஃபியூஸ்

எங்கள் பக்கத் தமிழில் ஆளுக்கும் ‘போச்சு’, பொருளுக்கும் ‘போச்சு’. தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருடம், எங்கள் நாடி ஊரில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. வாத்தியார் ஆக்லாந்து போச்சு, நர்ஸம்மா சிட்னி போச்சு, ஓட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் போச்சு.

நான் வேலை பார்த்த ஓட்டலில் இன்ஜினியரும் போய்விட்டார். அறைகளைப் பூட்டிவிட்டு, ஜெனரேட்டர் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் படித்ததெல்லாம் கரும்புத் தோட்டத்து பம்ப் செட்டைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்துப் படித்ததுதான்.

ஒருநாள் நல்ல சேதி வந்தது. பயணக் கம்பெனி மறுபடி விருந்தாளிகளை அனுப்பத் தயாராம். ஆனால் கரண்ட் நினைத்தபோது நின்றுபோகிற காலம். ஜெனரேட்டர் முழுச் சுமையையும் இழுக்கிறதா என்று அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். இழுத்தால் ஓட்டல் திறக்கும், இல்லாவிட்டால் கிடையாது.

அந்த ஓட்டலின் சமையற்காரன் என் மச்சான், என் மனைவிக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஆக்லாந்தில் ஒரு வேலை காத்திருந்தது.

“தொறந்தா இருக்கேன் மாமா. தொறக்கலன்னா பொஞ்சாதி புள்ளைங்களோட பிளேன் ஏறிடுவேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்பான், ஏதோ பஸ் மாறுவது போல. என் மனைவியோ கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

சிக்கல் என்னவென்றால், காலி ஓட்டலில் சுமைக்கு எங்கே போவது? ‘வெறும் வண்டி இழுக்க எல்லா மாடும் கெட்டிதான்’ என்பார்கள் கரும்பு வெட்டுகிறவர்கள். ஜெனரேட்டரைச் சோதிக்கவென்றே ஹீட்டர் ராடுகளை அடுக்கிய பெட்டி ஒன்று உண்டு, லோடு பேங்க் என்று பெயர். அது கப்பலில் வந்து சேர்வதற்குள் மச்சானின் பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போட ஆரம்பித்திருப்பார்கள். அதனால் நாங்களே ஒன்று செய்தோம்.

பூட்டிய அறைகளின் வாட்டர் ஹீட்டர்களிலிருந்து ராடுகளைக் கழற்றினேன். உறை வெடித்தது, உப்பு படிந்து பொரிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கினேன். நல்லதை மட்டும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓர் இரும்புத் தொட்டியின் அடியில் பொருத்தினேன். தொட்டிக்கு எர்த் கம்பி. தண்ணீர் குறைந்தால் கரண்டை நிறுத்த ஒரு மிதவை, ஏனென்றால் தண்ணீர் இல்லாத ராடு தன்னையே தின்றுவிடும். ஒவ்வொரு ராடுக்கும் தனித்தனியாக ஒரு பீங்கான் ஃபியூஸ். பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே வரும், வெந்நீர் மறுபக்கம் குழாயில் வெளியேறும்.

“அக்கா, மாமா ஜெனரேட்டர்ல டீ போடுறாரு!” என்று மச்சான் கத்தினான்.

சலவைக்கூடத்தில் வேலை பார்த்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க, இவ்ளோ சுடுதண்ணியும் சும்மா சாக்கடைக்கா?” குழாயின் நுனியை அவளே துவைக்கிற தொட்டிக்குத் திருப்பிக்கொண்டாள். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்து பூஞ்சை வாசம் பிடித்த படுக்கை விரிப்புகள் அங்கே மலைபோல் இருந்தன.

பரிசோதகர் வருவதற்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஃபியூஸ் எரிந்தது.

“போச்சு” என்றான் மச்சான். அவன் முகம் சுண்டிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தேன்.

காலையில் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தபோது, எரிந்த இடத்தில் விரல் தடிமனுக்கு முறுக்கி ஒரு கம்பி.

“யாரு கட்டினது இது?”

மச்சான் மலைப்பக்கம் பார்த்தான். “நான்தான். இனிமே போவாது மாமா. கரும்புக்காட்டு வேலிக்கம்பி. எருமை மோதினாலும் அறாது.”

“அடப்பாவி, அது போவணும்டா! அது போனாத்தான் மத்ததெல்லாம் பொழைக்கும். ராடு பழுதாயி இது அறாம நின்னா, ஒயரு பத்திக்கும், ஜெனரேட்டரே போயிடும். அந்தத் தண்ணியில கை வெக்கிறது யாரு? உங்கக்கா!”

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னவன் வேலிக்கம்பிக்கு அலைஞ்சிருக்கான் பாருங்க” என்றாள்.

அவன் அந்த வேலிக்கம்பியைப் பிடுங்கித் தூர எறிந்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பழுதான ராடை மாற்றி, அதற்குரிய மெல்லிய கம்பியைக் கட்டினேன்.

பரிசோதகர் வந்தார். அவர்கள் ஊர் வேட்டியான சூலு கட்டிய, ஆஜானுபாகுவான ஃபிஜியர். எங்கள் ஊர் இந்தியை என்னைவிட நன்றாகப் பேசினார். மச்சானை ஸ்விட்சுகளிடம் நிறுத்தினேன்.

“லோடுன்னா லாரியில ஏத்துற மாதிரி ஒரே ஏத்தா ஏத்திடவா?”

“ஒண்ணொண்ணா, மகராசா!”

ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஜெனரேட்டரின் குரல் கனத்தது. தொட்டியில் ஆவி எழும்பியது. முழுச் சுமை ஏறி வெகுநேரம் ஓடி, முடிகிற சமயத்தில், டப்!

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். மற்ற ராடுகள் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தன. எரிந்த இணைப்பை நிறுத்திவிட்டு, உபரியாக மாட்டி வைத்திருந்த ராடின் ஸ்விட்சைப் போட்டேன். ஜெனரேட்டர் ஒரு சின்ன இருமல் இருமிவிட்டு அதே குரலில் ஓடியது.

பரிசோதகர் கிட்டே வந்து ஃபியூஸ்களைக் குனிந்து பார்த்தார். “அச்சா” என்றார். கெட்டது ஒன்று, நின்றதும் அது ஒன்றுதான், ஜெனரேட்டர் அசையவில்லை, இதைவிட வேறென்ன வேண்டும் என்று இந்தியில் சொல்லி என் கையைக் குலுக்கினார். ஓட்டலைத் திறக்கலாம் என்றார். பிறகு மச்சானின் தோளைத் தட்டி, ஏன் தம்பி கண்ணில் தண்ணீர் என்று கேட்டார்.

“ஆவி சார், ஆவி” என்றான் அவன்.

கொடிகள் முழுக்க வெள்ளை விரிப்புகள் படபடத்தன. திரும்பிப் பார்த்தால் மச்சானைக் காணோம். சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசம் வந்தது. அடுப்பைப் பற்றவைத்து, பரிசோதகருக்கு இலை போடுகிற மும்முரத்தில் இருந்தான்.

என் மனைவி ஈரக்கையோடு வாசலில் நின்றாள். “ஏன்டா தம்பி, பிளேன் எப்போ?”

“சும்மா இரு அக்கா. பருப்பு இன்னும் வேகல.”