குல்லாய்க்காரர் சொன்ன உண்மை

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கிய பஸ், சாலையில் மரம் விழுந்ததால் நின்றுவிட்டது. பொழுது போக நான்கு பேர் திருடன்-போலீஸ் துண்டுச்சீட்டு குலுக்கினோம்: முன்னிருக்கைப் பெண்கள் இருவர், நான், பக்கத்தில் ஒரு குரங்குக் குல்லாய்க்காரர். கண்ணும் மூக்கும் தவிர அவரிடம் எதுவும் வெளியே தெரியவில்லை. தோற்றால் என் ஜன்னலோரத்தை அவருக்குத் தர வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்கு வளைவுக்கு ஒரு வாந்தி.

எனக்குப் போலீஸ் வந்தது.

"ஏனுங்க பெரியவரே, எதுக்கு ரோசன? நாந்தானுங்க திருடன்!" என்றார் குல்லாய்க்காரர்.

எந்தத் திருடன் ஒப்புக்கொள்வான்? அவரைக் கழித்துவிட்டு, சிரித்த பெண்ணைப் பிடித்தேன். அவள் ராணி. திருடன் அவரேதான்.

ஜன்னலோரம் கிடைத்ததும் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்கினார். மரத்தை அகற்றியதும் பஸ் கிளம்பியது; நான் வளைவுகளை எண்ணினேன். வாந்தியும் கணக்குத் தப்பவில்லை.

குப்பனூரில் இறங்கும்போது, "நீங்க நொம்பக் கெட்டிக்காரருங்க" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுதான் இன்றும் உதைக்கிறது.