வீடு பிரிப்போர் சங்கம்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளைப் பிரிப்பதுதான் அரசப்பனின் பிழைப்பு. தேக்குத் தூண், நிலை, கதவு எதுவானாலும் கீறல் விழாமல் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார். ஊர் அதைத் தொழிலென்று ஒப்புக்கொண்டதில்லை. லாரி தெருவில் திரும்பினாலே, "இன்னைக்கு யார் வீட்டுக்கு ஏழரை?" என்று கேட்கும்.

கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். சாவி வைத்திருப்பவர் கூப்பிட்டால் அரசப்பன் போய்விடுவார். ஒருமுறை அவர் கழற்றிய நிலை வேறொரு பங்காளியின் அறைவாசல் நிலை. புகார் வந்ததும் சாவிக்காரர் கையை விரித்தார். அரசப்பன் ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவரும் சிவபிரகாஷும் இதே வேலை செய்யும் வேறு சிலரும் சேர்ந்து சங்கம் பதிந்தார்கள். எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்காமல் ஆணியைத் தொடக் கூடாது என்பது விதி. விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. அரசப்பனின் மனைவி மீனம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தலைவரு யாரு?"

"நான்தேன்."

"அப்ப இனிமே ஸ்டேஷன்ல பெஞ்சு இல்ல, நாற்காலி போடுவாக."

மறுவாரமே சாத்தப்பச் செட்டியார் தன் பூர்வீக வீட்டுச் சாவியோடு வந்தார்.

"அரசப்பா, முத்தத்து வளவுக் கதவு ரெண்டையும் நாளைக்கே எடுத்துரு."

"பங்காளிக எல்லாம் சரின்னுட்டாகளா?"

"அவுகளுக்குத் தெருவே மறந்துபோச்சு. நீ இல்லாட்டி வேற ஆளா இல்ல?"

"சங்கத்துல யாரும் தொட மாட்டாக."

செட்டியார் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் அரசப்பனை அரித்தது. சிவபிரகாஷ் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறான்; கை காய்ந்திருக்கிறது. போன் போட்டால் எடுக்கவில்லை. அவன் கதவைத் தொட்டுவிட்டால் சங்கமும் கார்டும் வெறும் அட்டைதான். ஊர் வாயில் மறுபடியும் திருட்டுக் கூட்டம்.

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போனார். வீட்டுக்கு எதிர் டீக்கடையில், வாழைத்தாருக்குப் பின்னால் சிவபிரகாஷ் நின்றிருந்தான்.

"என்னப்பா இங்குட்டு?"

"டீ குடிக்கண்ணே."

"ஒன் வீட்டுக்கிட்ட கடையே இல்லையாக்கும்?"

"நீங்க எங்க இங்குட்டு?"

"பிள்ளையாரைக் கும்பிட வந்தேன்."

"கோயில் அங்குட்டுல்ல இருக்கு."

சிவபிரகாஷ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"செட்டியார் வந்தாகண்ணே. நீங்க ஒத்துக்கிட்டதா சொன்னாக. அதான் நீங்க கூப்பிட்டும் போனை எடுக்கல."

"நீ நம்பிட்டியா?"

"நீங்க எதுக்கு இங்க நிக்கிறீக?"

அதற்குள் செட்டியாரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா வந்திருக்கீக?"

"சங்கத்துலருந்து வந்திருக்கோம்," என்றான் சிவபிரகாஷ், கூசாமல்.

ஒருவர் நகர்ந்தால் மற்றவரிடம் பேசிக்கொள்ளலாம் என்று செட்டியார் காத்திருந்தார். காரைத் துடைத்தார், சாவியைச் சுழற்றினார். இருவரும் நகரவில்லை. மற்றவரைச் செட்டியாரோடு தனியே விட்டுப்போக இருவருக்குமே மனம் வரவில்லை. வெயில் படியேறிய பிறகு, செட்டியார் சலித்துப்போய்ப் பங்காளி ஒருவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, சாத்தப்பன் பேசுறேன். வளவுக் கதவு விசயமா சங்கத்துக்காரக வந்திருக்காக. ஒங்க எல்லாரு சம்மதமும் வேணுமாம்... ஆமா, அவுகளுக்கும் சங்கம் இருக்கு."

அரசப்பன் இன்னொரு டீ சொன்னார். சிவபிரகாஷும் சொன்னான். போன் பேசி முடியும்வரை யாரும் கிளம்புவதாக இல்லை.