அந்தோனியார் கோவில் அரிசித் தகரம்

அக்கா ஆண்டவரின் நிழலை அடைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்ட அவருடைய மகன், "சித்தி, சண்டை சச்சரவெல்லாம் வேணாம், நல்லதா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் வாழ்க்கையில் நல்லதெல்லாம் சண்டையில்தான் வந்தது. நான் என்ன செய்ய?

அக்கா பிறந்தது றொசல்லயில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என்னையும் கூட்டி வந்தார். மகன் கைக்குழந்தையாக இருக்கையில் மச்சான் காய்ச்சலில் இறந்தார். அதன்பின் கொழுந்துக் கூடையும் கோவிலும்தான் அக்காவுக்கு உலகம்.

கோவில் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, மண் தரை, அந்தோனியார் சுரூபம் ஒன்று. சாமியார் மாதத்துக்கொரு தடவை பஸ்ஸில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் சாவி அக்காவிடம் இருக்கும். அப்போது எங்களுக்கு இந்த நாட்டில் வாக்கும் இல்லை, ஒரு முழ நிலமும் இல்லை. குடியிருந்த லயத்துக் காம்பராவும் தோட்டத்தினுடையது. எங்கள் கையால் சுவர் எழுப்பி, தகரம் சுமந்து கட்டியது அந்தக் கோவில் ஒன்றுதான்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலில் இருக்கும் பெரிய தகரத்தில் போடுவோம். திருவிழா அன்று அதைப் பொங்கி எல்லோருக்கும் சோறு போடுவது வழக்கம். பக்கத்து லயத்து மீனாட்சியும் போடுவார். அவர் கும்பிடுவது மாரியம்மனை. கேட்டால், "அந்தோனியாரும் நம்ம தோட்டத்து ஆளுதானே" என்பார்.

ஒரு மழைக்காலத்தில், கொழுந்து நிறுவையில் நடந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்ட இருவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தோட்டமே வேலைக்குப் போகவில்லை. நிர்வாகம் அரிசி போடுவதை நிறுத்தியது. நாளாக ஆகப் பிள்ளைகள் வெறும் தேயிலைச் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தன. மீனாட்சியின் கடைக்குட்டி அழுவதையும் விட்டுவிட்டது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா லயம் லயமாக வந்து சொன்னார். "கோவில்ல அடுப்பு எரிஞ்சா கோவில இழுத்து மூடிருவோம். சாவி வச்சிருக்கிற ஆளுக்குப் பத்துச்சீட்டு." பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய், காம்பராவும் போய், பிள்ளையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

"வேணாங்க்கா. அது சாமிக்கு எடுத்து வச்ச அரிசி. கோவிலும் போயிட்டா நமக்குன்னு என்னா இருக்கு?" என்றேன். இன்றைக்கும் அது பிழையான கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

அக்கா தகரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "கோவிலக் காப்பாத்திட்டுப் புள்ளைகளப் பொதைச்சா, அப்புறம் யாருக்குடி பூசை?"

கோவில் வாசலிலேயே உலை வைத்தார். புகையைப் பார்த்துக் கண்டாக்கு ஐயா வந்துவிட்டார். பிள்ளைகள் கோப்பைகளோடு வரிசையாக நின்றன. அவர் ஒரு உதை விட்டால் பானை கவிழ்ந்துவிடும்.

"யாரு அரிசி இது?"

"அந்தோனியாரோடதுங்க ஐயா."

"அவரும் ஸ்டிரைக்கா?"

"அவரு பசிச்சவங்களுக்குப் போடுறவருங்க." அக்கா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். "தொரை கேட்டா இந்தாங்க. கஞ்சி ஊத்தி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க ஐயா."

அவர் நின்றார். அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன், அவருக்கும் துரை மேல் பயம். கடைசிப் பிள்ளை குடித்து முடித்ததும் கோவிலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்.

பிறகு நிர்வாகத்தோடு பேச்சு முடிந்தது, நிறுத்திய இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். சாவி மட்டும் வரவில்லை. தினமும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கும்போது, இன்றைக்குப் பத்துச்சீட்டுக்கு அக்காவின் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று கண்டாக்கு ஐயாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா ஒன்றும் நடக்காதது போல் கூடையை மாட்டிக்கொள்வார். அவரை அடிக்க வேண்டும் போல இருக்கும்.

திருவிழா வந்தது. சாமியார் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டிலேயே பூசை வைத்தார். திரும்பிப் பார்த்தால் தோட்டமே நிற்கிறது. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களெல்லாம் மழைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களோடு நின்றார்கள். அவ்வளவு சனத்தையும் பார்த்த பின் பத்துச்சீட்டுப் பேச்சு எழவில்லை. சில நாளில் சாவியும் வந்தது. அக்காவை மட்டும் மிகவும் செங்குத்தான மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். அந்தக் குளிரில்தான் அவருடைய நெஞ்சு கெட்டது. கடைசி வரை அந்த இருமல் அவரை விடவில்லை.

அடக்கத்தன்று லயத்துப் பெண்கள் கையில் அரிசியோடு கோவிலுக்குள் வந்தார்கள். வாய்க்கரிசி போட வருகிறார்கள் என்று நினைத்து வட்டவளையிலிருந்து வந்திருந்த எங்கள் மாமா எழுந்து வழியை மறித்தார். "இதெல்லாம் நம்ம மொறையில இல்லம்மா." எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மீனாட்சிதான் முன்னால் வந்தார்.

"எங்க போடணும்னு எங்களுக்குத் தெரியுங்க" என்று சொல்லி, அக்காவைக் கடந்து போய், மூலையில் இருந்த தகரத்தில் கைப்பிடி அரிசியைப் போட்டார். ஒவ்வொருவராகப் போட்டார்கள். அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

அக்காவை நோயில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், பெட்டியை வழுக்குப் பாதையில் தோளில் சுமந்தவர்களுக்கும், பூசை வைத்த சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்றிலிருந்து லயத்துப் பெண்கள் அந்தத் தகரத்தில் அரிசி போடுவதை நிறுத்தவில்லை. ஆண்டு நினைவு நாளான இன்றைக்கு உலையில் இருப்பது அந்த அரிசிதான். யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது. வட்டவளை மாமாவும்தான்.

— தங்கை